ஊசி போட்ட ஆறாம் நாள்

மகேந்திரராசா அண்ணையைப் பற்றி யாராவது கேட்டால், அவர் நல்ல மனிதர் என்று முதலில் சொல்வேன். அவரோடு ஒரே வீட்டில் இரண்டு வருடம் இருந்தும் எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று அடுத்ததாகச் சொல்வேன். இரண்டும் உண்மை.

டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் என்ற ஊரில் நாங்கள் இருவரும் ஒரே மேசை கதிரைத் தொழிற்சாலையில் வேலை செய்தோம். அவர் கதிரைக் கால்களை உரஞ்சுவார், நான் பூச்சு அடிப்பேன். வேலையில் அவரைப்போல ஒழுங்கானவர் இல்லை. ஒரு காலில் கையைக் கிழிக்கிற சின்னச் சிலாம்பு இருந்தாலும் திரும்ப எடுத்து உரஞ்சுவார். வீட்டுக்கு வந்தால் பஞ்சாங்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வருடா வருடம் தபாலில் வரும். அதில் உள்ள நேரத்தை டென்மார்க் சூரியனுக்கு ஏற்றமாதிரிக் கூட்டிக் கழித்து, ஒரு தாளில் எழுதி, குசினிச் சுவரில் அடுப்புக்கு மேலே ஒட்டிவைப்பார். ஒருமுறை கடைவாய்ப்பல் வீங்கி, முகம் ஒரு பக்கம் பலூன்போல ஆகிவிட்டது. அன்றைக்கு நாள் சரியில்லை என்று மூன்று நாள் வலியோடு இருந்துவிட்டுத்தான் பல்லைப் பிடுங்கப் போனார். நான் வேதக்காரன், தேவாலயத்துக்குப் போகிறவன். எனக்கு இந்தக் கூத்தைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அந்தப் பஞ்சாங்கத்தால் அவர் ஏற்கெனவே பெரிய விலை கொடுத்தவர். அதை அவரே ஒரு நாள் சொன்னார்.

அவருடைய மனைவி சுசீலாதேவி, யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். 1984ஆம் ஆண்டு தொடக்கத்தில் இரண்டு பேரும் சேர்ந்து நாட்டை விட்டு வெளிக்கிடுவதாகத்தான் ஏற்பாடு. பயண முகவர் வியாழக்கிழமை வரச் சொன்னார். அண்ணை பஞ்சாங்கத்தைப் பார்த்தார், வியாழன் அட்டமி. சனிக்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை போனபோது இரண்டு இடத்தில் ஒன்றை வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று. இராணுவம் ஆம்பிளைகளைப் பிடித்துக்கொண்டு போகிற காலம். "நீங்கள் போங்கோ" என்று மனைவி சொன்னாவாம். அவர் வந்துவிட்டார். அவ நின்றுவிட்டா.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் கடிதத்தில்தான் குடும்பம். இவருக்கு இங்கே அகதி அந்தஸ்து கிடைத்தது. நீலக் கடவுச்சீட்டுக் கொடுத்தார்கள். அதில் எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்குத் தவிர. மனைவியை இங்கே கூப்பிட விண்ணப்பம் போடலாம் என்று எழுதினார். நாள் பார்த்து வாழ்க்கையைக் கோட்டை விடுகிறவரை நம்பி எப்படி வருவது என்று அவ ஒத்துக்கொள்ளவில்லை. கடிதங்கள் வர வர மெலிந்தன. கடைசியில் 1986 சனவரியில் ஒரு கடிதம் வந்தது. அண்ணை அதை என்னிடம் வாசிக்கத் தந்தார். 

சித்திரை லீவில் ஐந்து நாள் கிடைக்கும், கொழும்பிலிருந்து மாலைதீவு கிட்ட, இரண்டு பேருக்கும் அங்கே போகத் தடை இல்லை, நேரில் கதைக்கவேண்டும் என்று எழுதியிருந்தா. கடைசிப் பந்தி இதுதான்: "ஏப்ரல் ஆறாம் திகதி ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்கு நான் அங்கே இறங்குவன். இந்த முறை நாள் பாக்காமல் வாங்கோ. நான் வெளியிலை வரேக்குள்ளை நீங்கள் அங்கை நிக்காட்டி, அந்தப் பிளேன் ஒரு மணித்தியாலத்திலை திரும்புது, அதிலையே திரும்பிப் போவன். அதுதான் என்ரை பதில் எண்டு எடுத்துக்கொள்ளுங்கோ."

"அப்பிடித் திரும்பிப் போவாவோ அண்ணை?" என்று கேட்டேன்.

"போவா. அவ எழுதினால் எழுதினதுதான்" என்றார்.

உடனே வேலையைத் தொடங்கினோம். அண்ணைக்கு டெனிஷ் பாஷை நாக்கில் ஒட்டாது. அதனால் கதைக்கிறது எல்லாம் நான். மலிவான பிளேன் ரிக்கற் கராச்சி வழியாக இருந்தது, கிழமைக்கு இரண்டு நாள், சனியும் செவ்வாயும். ஏப்ரல் ஐந்தாம் திகதி சனிக்கிழமை ஏறினால், கராச்சியில் மாறி, ஞாயிறு மத்தியானம் மாலைதீவு. அவ இறங்குவதற்கு இரண்டு மணித்தியாலம் முந்தி இவர் அங்கே நிற்பார். கணக்குச் சரி.

ரிக்கற் தந்த மனிதர் ஒரு தாளை நீட்டினார். அந்தச் சின்னத் தீவு நாடு வாந்திபேதிக்குப் பயந்துகிடந்தது. முன்னொருமுறை அங்கே அது புகுந்து கனபேரைக் கொண்டுபோயிருந்தது. அதனால் நோய் பரவியிருக்கிற ஊர் வழியாக வருகிற ஒவ்வொருவரும் ஊசி போட்டதற்கு மஞ்சள் அட்டை காட்டவேண்டும். ஊசி போட்டு ஆறு நாளின் பின்தான் அட்டை செல்லும். கராச்சியும் கொழும்பும் அந்தப் பட்டியலில் இருந்தன. அட்டை இல்லாதவனை விமானக் கம்பனி ஏற்றாது.

இதில் என்ன கஷ்டம்? வைத்தியரின் நிலையத்தில் பிரயாண ஊசி திங்கட்கிழமைகளில் போடுவார்கள். மார்ச் இருபத்துநாலாம் திகதி திங்கள் காலை பத்து மணிக்கு நேரம் எடுத்துக் கொடுத்தேன். பன்னிரண்டு நாள் இருக்கிறது, தாராளம். அன்றைக்குக் காலை நான் வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்து பார்த்தால் அண்ணை போகவில்லை.

"காய்ச்சல் மாதிரி இருந்தது தம்பி. போன் பண்ணிச் சொல்லிப்போட்டன்" என்றார்.

அவர் தானாகப் போன் எடுத்து டெனிஷில் கதைத்தார் என்பதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை. அடுத்த திங்கள் ஈஸ்டர் திங்கள், நாடே பூட்டு. அதனால் செவ்வாய், ஏப்ரல் முதலாம் திகதி வரச் சொல்லியிருந்தார்கள்.

ஈஸ்டர் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணை மெதுவாகக் கேட்டார். "நேசராஜா, ஒண்டாம் திகதி ஊசி போட்டால் ஆறாம் நாள் எண்டைக்கு வரும்?"

நான் விரலை மடக்கினேன். "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு, ஆறு. ஞாயிற்றுக்கிழமை."

"நானும் அப்பிடித்தான் எண்ணினனான். செத்தவருக்கு எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவும் செத்த நாளையும் சேர்த்துத்தானே எண்ணுறது."

"எங்களுக்கும் அப்பிடித்தான் அண்ணை. வெள்ளிக்கிழமை சிலுவையிலை அறைஞ்சவங்கள். இண்டைக்கு மூண்டாம் நாள்."

சைவமும் வேதமும் ஒன்றாகச் சொன்னபிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? செவ்வாய்க்கிழமை ஊசி போட்டாயிற்று. விடுமுறை கழிந்த முதல் நாள், வாசல் வரைக்கும் சனம். தாதி கிர்ஸ்டன், ஆறு நாள் இடைவெளி இருக்கிறதா என்று கேட்டா. நான்தான் முந்திக்கொண்டு, இருக்கிறது என்றேன். அவ முத்திரையைக் குத்தி, திகதியை எழுதி, அட்டையைத் தந்துவிட்டா.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு என் பழைய காரில் வெளிக்கிட்டோம். ஒன்பது மணிக்குப் புறப்பட்டாலும் பிளேனைப் பிடிக்கலாம்போல இருந்தது, அவர் கேட்கவில்லை. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம் என்று எனக்கே பாடம். அன்றைக்கு அவரைப் பகிடி பண்ண மனம் வரவில்லை. புதுக் கால்சட்டை, காலில் புதுச் சப்பாத்து, மடியில் ஒரு பை. பைக்குள் மனைவிக்கு ஒரு கம்பளிச் சட்டை. வெயில் நாட்டுக்குக் கம்பளிச் சட்டை ஏன் என்று கேட்டேன்.

"அங்கை போடுறதுக்கில்லை. இங்கை வாறதுக்கு" என்றார்.

காரை ஏற்றிக் கடலைக் கடக்கிற கப்பல் துறையில் மூடுபனி. இரண்டரை மணித்தியாலம் ஒன்றும் நகரவில்லை. வண்டிகள் வரிசையில் நிற்க, அண்ணை கதவுப் பிடியைப் பிடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெளிக்கிடுமோ தம்பி, வெளிக்கிடுமோ" என்று பத்துத் தரம் கேட்டிருப்பார். கப்பல் வெளிக்கிட்டது. அக்கரையில் இறங்கி நான் ஓட்டின ஓட்டத்துக்குப் பொலிஸ் பிடித்திருந்தால் லைசன்சைப் பறித்திருப்பார்கள். ஒன்றரை மணிக்குக் கொப்பன்ஹேகனின் காஸ்ற்றப் விமான நிலையத்தில் நின்றோம். பிளேன் மூன்று இருபதுக்கு.

வரிசை மளமளவென்று போனது. கவுண்டரில் இருந்த பெண் ரிக்கற்றைப் பார்த்தா, கடவுச்சீட்டைப் பார்த்தா, மஞ்சள் அட்டையைத் திறந்தா. பிறகு இடது கையை விரித்து எண்ணத் தொடங்கினா. நான் அவவின் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ முதல் விரலை மடக்கும்போது ஒன்று என்று சொல்லவில்லை. இரண்டாம் திகதி என்று சொன்னா.

இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு, ஏழு.

"இது ஏழாம் திகதியிலிருந்துதான் செல்லும். இவர் ஆறாம் திகதி போய் இறங்குகிறார். ஏற்ற முடியாது" என்றா.

நான் என் கணக்கைச் சொன்னேன். ஊசி போட்ட நாளைச் சேர்க்கக்கூடாது என்று அவ பொறுமையாகச் சொன்னா. ஒரு நாள்தானே என்றேன். அங்கே இறக்க விடமாட்டார்கள், கம்பனி தன் செலவில் திருப்பிக் கொண்டுவரவேண்டும் என்றா. மேலாளரைக் கூப்பிடச் சொன்னேன். மேலாளர் வந்து அதே விரலை அதே மாதிரி மடக்கினார். எங்களுக்குப் பின்னால் நின்ற குடும்பம் பெட்டியைத் தள்ளி முன்னுக்குக் கொண்டுவந்தது. நான் சத்தம் போட்டேன். அது எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் போட்டேன். அண்ணை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"பிழை என்னிலை" என்றேன். "நான்தான் எண்ணினனான்."

"இல்லைத் தம்பி. எனக்குக் காய்ச்சல் வரேல்லை."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"இருபத்துநாலாம் திகதி எனக்குச் சந்திராட்டமம். அண்டைக்கு உடம்பிலை ஊசி ஏத்தினால் கூடாது எண்டு நினைச்சிட்டன். நல்ல காரியத்துக்குப் போற ஊசி, நல்ல நாளிலை போடுவம் எண்டு..."

நான் அவரை அடிக்காமல் விட்டது ஆண்டவரின் கிருபை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முந்தி ஒரு அட்டமியால் பெண்சாதியை விட்டுவிட்டு வந்தது போதாதா என்று கேட்டேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் தூணில் சாய்ந்து, அப்படியே குந்திவிட்டார்.

அந்த நேரம் எனக்குள் ஒரு யோசனை வந்தது. அட்டையில் திகதி பேனையால் எழுதினதுதான். ஒன்றை முப்பத்தொன்று ஆக்கி, நாலை மூன்று ஆக்கினால் முடிந்தது. இந்தப் பெண் பார்த்துவிட்டா, உண்மைதான். ஆனால் இன்னும் அரை மணித்தியாலத்தில் கவுண்டரில் ஆள் மாறலாம். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தேன். "அட்டையைத் தாங்கோ அண்ணை."

அவர் பேனையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கை நீண்டது, பிறகு அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"வேண்டாம். பிடிபட்டால் இந்த நீலப் புத்தகமும் போயிடும். பிறகு அவவை எதாலை கூப்பிடுறது?" அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தபடி சொன்னார், "அவ கணக்கு ரீச்சர். பொய்க் கணக்கோடை போய் அவவுக்கு முன்னாலை நிக்க ஏலாது."

ரிக்கற்றைச் செவ்வாய்க்கு மாற்றினோம். மூன்று இருபதுக்கு அந்தப் பிளேன் எழும்பிப் போனதை யன்னலால் பார்த்தோம். விமான நிலையத்துத் தபாலகத்திலிருந்து ஒரு தந்தி அடித்தேன். கொழும்புப் பிளேனில் வரும் திருமதி சுசீலாதேவி, மாலைதீவு விமான நிலையம், என்று விலாசம். ஊசியால் தாமதம், புதன் வருகிறேன், திரும்பவேண்டாம் என்று செய்தி. போய்ச் சேருமா என்று கேட்டேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள் என்று தெரியாது என்றார்கள்.

கிரின்ஸ்டெட்டுக்குத் திரும்பி என்ன செய்வது? கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இஷொய்யில் என் ஒன்றுவிட்ட அக்கா அருள்மலர் இருந்தா. ஏழாவது மாடி வீடு. அங்கே போய்த் தங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டார் ஜெபத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கும் போகவேண்டும்போல இருந்தது. இவரைத் தனியே விட மனமில்லை. குசினி மேசையில் எதிரும் புதிருமாக இருந்தோம். சுவரில் மணிக்கூடு. அங்கே இரண்டு மணி என்றால் இங்கே பதினொன்று.

பதினொரு மணிக்கு அண்ணை சொன்னார், "இறங்கீட்டா."

பதினொன்றேகாலுக்கு, "இப்ப கடவுச்சீட்டுக்கு வரிசையிலை நிப்பா. அவவுக்கு வரிசையிலை நிக்கிறது பிடிக்காது."

பதினொன்றரைக்கு அவர் மேசையில் விரலால் கோடு கீறிக்கொண்டிருந்தார். இப்போது அவ வெளியே வந்திருப்பா, கண்ணால் தேடியிருப்பா என்று நான் நினைத்தேன். அவரும் அதைத்தான் நினைத்தார். வெளியே புகைவண்டி ஒன்று கொப்பன்ஹேகன் பக்கம் போனது. தேத்தண்ணி போட்டு வைத்தேன், ஆறிப்போனது. பத்து நிமிஷம், ஐந்து நிமிஷம் என்று அந்த முள் நகர்ந்ததை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு அவர் எழும்பினார். "போயிட்டா" என்றார். குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். கனநேரம் தண்ணீர் ஓடியது.

வெளியே வந்தபிறகு நான் கேட்டேன். "அண்ணை, அவ போயிருந்தால் செவ்வாய்க்கிழமை நீங்கள் போய் என்ன செய்யப்போறியள்? ரிக்கற்றைத் திருப்பிக் குடுப்பமே?"

"அவ நிண்டு பாத்த இடத்திலை நானும் ஒருக்கா நிண்டிட்டு வரவேணும்" என்றார்.

ரிக்கற்றைத் திருப்பிக் கொடுக்கிற பேச்சை அதோடு விட்டேன்.

செவ்வாய்க்கிழமை அதே கவுண்டர், வேறு பெண். அட்டையைப் பார்த்தா, எண்ணினா, முத்திரையைக் குத்தினா. உள்ளே போகிற வாசலுக்குக் கிட்ட வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. செவ்வாய்க்கிழமை மூன்று மணியிலிருந்து நாலரை ராகு காலம். அவருடைய தாளைச் சுவரில் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த வியாதி தொற்றிவிட்டது. சொல்லவா விடவா என்று முழித்தேன்.

"தெரியும் தம்பி" என்றார் அவர். "நாளைக்கு அமாவாசையும்." திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் ஒரு சேதியும் இல்லை. நான் தொழிற்சாலையில் பூச்சு அடித்தேன். அவருடைய இடத்தில் வேறு ஒருவன் நின்று கால்களை உரஞ்சினான், சிலாம்போடு அனுப்பினான். வீட்டில் குசினிச் சுவரில் அந்தத் தாள் அப்படியே இருந்தது. கிழித்து எறிய இரண்டு முறை கை வைத்தேன். ஆள் இல்லாத நேரம் அது நியாயமில்லை என்று விட்டேன்.

பதின்மூன்றாம் திகதி ஞாயிறு அவரைக் கூட்டிவரப் போனேன். வெளியே வந்தார். வெயிலில் கறுத்து, மூக்குத் தோல் உரிந்திருந்தது. பையைப் பார்த்தேன், அது மெலிந்துபோய் இருந்தது. முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை.

"அவ இருந்தாவோ?" என்றேன்.

"காரிலை ஏறு" என்றார்.

கப்பலில் மேல்தட்டுக்குப் போய், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுதான் சொன்னார்.

புதன்கிழமை மத்தியானம் இறங்கி, அந்த வாசலில் போய் நின்றாராம். யாரும் இல்லை. நினைத்தது சரிதான் என்று ஒரு சீமெந்துத் திண்ணையில் இருந்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சுகாதார அதிகாரி வந்து பெயரைக் கேட்டார். டென்மார்க்கிலிருந்து வருகிற ஆளா என்று கேட்டார். பிறகு வா என்று கூட்டிக்கொண்டு போனார். கடற்கரையோரம், கம்பி வேலி போட்ட ஒரு சின்ன வீடு. வாந்திபேதி என்று சந்தேகப்படுகிறவர்களைச் சோதனை முடிவு வரும்வரைக்கும் மறித்து வைக்கிற இடம். வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு கதிரையில், சுசீலாதேவி.

"வாந்திபேதி வருத்தமோ?" என்று பதறிக்கொண்டு கேட்டேன்.

"என்ன வருத்தம்? குத்துக்கல்லு மாதிரி இருந்தவ."

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை அவ இறங்கினபோது, அந்த அதிகாரி அவவுடைய அட்டையைப் பார்த்து விரல் விட்டு எண்ணியிருக்கிறார். அவர் எண்ணினதைப் பார்த்ததும் அவவுக்குப் பொறி தட்டியிருக்கிறது. ஊசியை ஒன்றாம் திகதிக்கு மாற்றினேன் என்று அண்ணை எழுதின கடிதம் புறப்படுகிற அன்றைக்குத்தான் கிடைத்து, கைப்பையில் கிடந்தது. கண்ணாடிக்கு வெளியே பார்த்தா, அண்ணை இல்லை. முதலாம் திகதி போட்டால் அட்டை என்றைக்குச் செல்லும் என்று அதிகாரியைக் கேட்டா. ஏழாம் திகதி என்றார். கராச்சியிலிருந்து அடுத்த பிளேன் எப்போது என்று கேட்டா. புதன் என்றார். வயிற்றுப்போக்கு என்று யாராவது சொன்னால் எத்தனை நாள் மறிப்பீர்கள் என்று கேட்டா. மூன்று நாள், நாலு நாள் என்றார்.

உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எனக்குக் காலையிலிருந்து போகுது என்று சொன்னாவாம்.

"அந்த மனிசனுக்கு விளங்கியிருக்கும்" என்றார் அண்ணை. "விளங்கினாலும் சட்டம் சட்டந்தானே. கொண்டுபோய் வேலிக்குள்ளை விட்டிட்டார். மூண்டு நேரமும் சாப்பாடும் குடுத்து, காவலும் போட்டு. நீ அடிச்ச தந்தி வியாழக்கிழமைதான் வந்தது."

தந்தி இல்லாமலே நின்றிருக்கிறா.

"அப்ப ஏன் அண்ணை பொய்? வெளியிலை ஒரு இடத்திலை தங்கியிருக்கலாமே?"

"நானும் அதைத்தான் வேலிக்கு இந்தப் பக்கம் நிண்டு கேட்டனான்." அவர் கடலைப் பார்த்தார். "'அதே பிளேனிலை திரும்புவன் எண்டு எழுதினது நான். எழுதினதை நான் மாத்தமாட்டன். அவையள் மறிச்சு வைச்சால் நான் என்ன செய்ய?' எண்டு சொன்னவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. பிறகு அவர் சிரிப்பு உடைந்துபோய்விட்டது.

ஒரு பின்னேரம் முழுக்க வேலிக்கு வெளியே மணலில் இருந்து கதைத்தாராம். இரண்டு வருடத்தில் எழுதாதது எல்லாம். காவல்காரன் கேட்கிறானே என்றும் பார்க்கவில்லை. வியாழன் காலை சோதனை முடிவு வந்தது, அவவை விட்டார்கள். வெள்ளிக்கிழமை அவ கொழும்புக்கு ஏறினா. வேலி இல்லாமல் இரண்டு பேரும் இருந்தது ஒன்றரை நாள். கம்பளிச் சட்டையை வாங்கிக்கொண்டாவா என்று கேட்டேன். வாங்கிக்கொண்டா என்றார். இன்னொன்றும் வாங்கிக்கொண்டாவாம்.

"'பஞ்சாங்கம் கொண்டந்தனீங்களோ?' எண்டு கேட்டா. ஓம் எண்டன். 'இந்த வேலிக்குள்ளாலை தாங்கோ. இனி நாள் நான் பாக்கிறன்' எண்டா. குடுத்திட்டன்."

வீட்டுக்கு வந்த அன்றே குசினிச் சுவரில் இருந்த தாளை அவரே கழற்றினார். விண்ணப்பம் போட்டார். கோடை முழுக்க ஒவ்வொரு கதவாக நானும் அவரும் ஏறி இறங்கினோம். கார்த்திகையில் அனுமதி வந்தது. வருகிற நாளை அவவே தீர்மானித்துத் தந்தி அடித்தா. நவம்பர் இருபத்துநாலு, திங்கட்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிஷம்.

பழக்கதோஷத்தில் அண்ணை மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அவருக்குச் சந்திராட்டமம். தேய்பிறை அட்டமி வேறு. திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம். பஞ்சாங்கத்தை வைத்துப் பார்த்து, தேடித் தேடி அந்த நாளைப் பிடித்திருக்கிறா.

"என்ன அண்ணை செய்யப்போறியள்?" என்று கேட்டேன்.

"கப்பல் நிண்டாலும் நிண்டிடும். மூடுபனி வரும். நாளைக்கு வெளிக்கிடுவம்" என்றார்.

அவர் சொன்ன நாளை ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் இருவரும் எண்ணுகிற எண்ணிக்கையில் எனக்கும் நம்பிக்கை இல்லாமல் போயிருந்தது. முதல் நாளே காஸ்ற்றப்புக்குப் போய், வருகிற வாசலுக்கு நேரே ஒரு மர வாங்கில் இரவு முழுக்கக் குந்தியிருந்தோம். அடுத்த நாள் காலை கதவு திறந்து, அண்ணை கொடுத்த பச்சைக் கம்பளிச் சட்டையோடு அவ வந்தா. நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். அண்ணையின் கசங்கின சேர்ட்டையும், சவரம் செய்யாத முகத்தையும், வாங்கில் கிடந்த இரண்டு போர்வையையும் மாறி மாறிப் பார்த்தா.

"எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டா.

"நேற்று" என்றார் அண்ணை.

சுசீலாதேவி அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை சனத்துக்கு முன்னால் நின்று அழுதா.